பாவனை யந்திரமும் கைநாட்டும்

(திருவாலங்காட்டில் சர்க்கரை ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய மாலைக் கூட்டத்தில் நாம் பேசியதன் வாசகம்)



கூட்டத்துக்கு வரும் வழியில் சில தோழர்கள் நம்மை நிறுத்திக் கேட்டார்கள். அரவை இருக்கிறது, போனஸ் இருக்கிறது, கரும்புப் பணம் இருக்கிறது, நடவுக் கூலி இருக்கிறது. இத்தனையும் கிடக்க, செல்போனுக்குள் இருக்கும் சாப்ட்வேர் லைசென்ஸைப் பற்றிப் பேச வந்துவிட்டீர்களே, இது யாருக்குப் பிரயோஜனம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

இங்கிருந்து தென்கிழக்கே, ஸ்ரீபெரும்புதூரில், சுமார் எட்டாயிரம் பேர் வரை வேலை செய்த ஒரு செல்போன் தொழிற்சாலை 2014 நவம்பர் 1ந் தேதி நின்றது. நோக்கியா தொழிற்சாலை. நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் அங்கே போனார்கள். அந்தத் தொழிற்சாலை நின்றதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் அதன் கதவில் பூட்டாகத் தொங்கியது ஒரு கேள்வி: போனுக்குள் ஏற்றப்படும் சாப்ட்வேர் என்பது விற்ற சரக்கா, அல்லது வாடகைக்கு விட்ட உரிமையா? அந்தக் கேள்விக்கு நமது நாட்டின் சுப்ரீம் கோர்ட் கடைசியாக விடை சொன்னது 2021ல். தொழிற்சாலை மூடி ஆறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஆகவே இது நம்முடைய விஷயம்தான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் அடிப்படை. செல்போன் என்பது ஒரு யந்திரம். அதில் கண்ணாடி, பித்தளை, தகரம், சிலிக்கான் சில்லு எல்லாம் உண்டு. அவற்றைக் கையால் தொடலாம். ஆனால் அதை ஓட்டுவது கட்டளைகள். எந்த வேலையை முதலில் செய், எதைப் பிறகு செய் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய கட்டளைகள். அதுதான் சாப்ட்வேர். அதை எழுதுகிறவனும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவன்தான்; மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான் என்பதால் அவன் தொழிலாளி அல்ல என்று எண்ணிவிட வேண்டாம்.

இப்போது ஒரு சங்கடம். ஒரு கம்பெனி போனில் ஒரு வகைச் சில்லு, இன்னொரு கம்பெனி போனில் வேறு வகை. ஒன்றுக்கு எழுதிய கட்டளை மற்றதற்குப் புரியாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத முடியுமா? இதற்குக் கண்டுபிடித்த வழிதான் 'வர்ச்சுவல் மெஷின்'. தமிழில் மெய்நிகர் இயந்திரம் என்று எழுதுகிறார்கள். நாம் இன்றைக்குப் பாவனை யந்திரம் என்று வைத்துக்கொள்வோம்.

வயற்காட்டில் பம்பு இறைப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு கிணற்றில் ஆயில் எஞ்சின், அடுத்த கிணற்றில் கரண்டு மோட்டார். ஆனால் இரண்டிலும் பெல்ட்டும் கப்பியும் ஒரே அளவாக இருந்தால், பம்புக்குத் தன்னைச் சுழற்றுவது எஞ்சினா மோட்டாரா என்பதே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பாவனை யந்திரமும் இப்படித்தான். இரும்பில்லை, எண்ணெயில்லை, அதுவே சாப்ட்வேரால் செய்த ஒரு யந்திரம். நிஜச் சில்லுக்கும் நாம் பயன்படுத்தும் ஆப்புக்கும் நடுவில் அது நிற்கிறது. கீழே எந்தச் சில்லு இருந்தாலும் மேலே ஒரே மாதிரி முகம் காட்டுகிறது. ஆப் எழுதுகிறவன் இந்தப் பாவனை யந்திரத்துக்கு ஒரு தடவை எழுதிவிட்டால் போதும்.

அமெரிக்காவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கம்பெனி 1995ல் 'ஜாவா' என்ற பெயரில் இப்படி ஒன்றை வெளியிட்டது. பட்டன் வைத்த பழைய நோக்கியா போனில் பாம்பு விளையாட்டு போக, மற்ற விளையாட்டுகளை இறக்கி ஆடினோமே, அவற்றில் பெரும்பாலானவை ஓடியது அந்த ஜாவாவின் சின்ன வடிவத்தில்தான். பெரிய கம்ப்யூட்டர்களுக்கான ஜாவாவை 2006, 2007ல் சன் கம்பெனி பொது லைசென்ஸில் திறந்துவிட்டது. ஆனால் செல்போன் பக்கம் வரும்போது மட்டும் கையை மூடிக்கொண்டது. போன் செய்கிறவர்கள் லைசென்ஸ் வாங்கிக் காசு கட்ட வேண்டும். ஜாவாவுக்கு இணையாகத் தாங்களே ஒன்றைச் சொந்தமாக எழுதிய அப்பாச்சி என்ற பொதுச் சங்கத்தார், அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைக் கருவியைக் கேட்டார்கள். கொடுக்கிறோம், ஆனால் செல்போனில் உபயோகிக்கக் கூடாது என்ற மாதிரி நிபந்தனை போட்டது கம்பெனி. 2007 ஏப்ரலில் அவர்கள் பகிரங்கக் கடிதமே எழுதினார்கள். காரணம் கேட்கவே வேண்டாம். பணம் அப்போது செல்போனில் இருந்தது.

இதற்குள் கூகுள் கம்பெனி ஆண்ட்ராய்டைச் செய்துகொண்டிருந்தது. சன் கம்பெனியோடு லைசென்ஸ் பேச்சு நடந்தது, ஒத்துவரவில்லை. உடனே கூகுள் தானே ஒரு பாவனை யந்திரத்தை எழுதிக்கொண்டது. அதற்கு 'டால்விக்' என்று பெயர். ஐஸ்லாந்து நாட்டில் உள்ள ஒரு மீனவர் ஊரின் பெயர் அது. உள்ளே இருந்த கட்டளைகள் கூகுள் எழுதியவை. ஆனால் கட்டளைகளைக் கூப்பிடும் பெயர்களும் அவற்றின் வரிசையும் ஜாவாவில் இருந்தபடியே வைக்கப்பட்டன. ஏன்? உலகம் பூராவும் லட்சக்கணக்கான பேர் அந்தப் பெயர்களைப் படித்துப் பழகியிருந்தார்கள்.

லேத்தில் வேலை செய்த தோழர்களுக்கு இது சட்டென்று விளங்கும். எந்த நெம்புகோல் எங்கே இருக்கிறது என்று உங்கள் கைக்குத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டே ஓட்டுவீர்கள். புதிதாக ஒரு கம்பெனி லேத் செய்கிறது. உள்ளே பல்சக்கரம் எல்லாம் அவர்களுடையது. நெம்புகோல்களை மட்டும் நீங்கள் பழகிய இடத்திலேயே வைக்கிறார்கள். உடனே பழைய கம்பெனி கோர்ட்டுக்கு ஓடி, நெம்புகோல் இருக்கும் இடம் என் சொத்து என்கிறது!

இதுதான் நடந்தது. ஆரக்கிள் என்ற கம்பெனி 2010 ஜனவரியில் சன் கம்பெனியை விலைக்கு வாங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் கூகுள் மேல் வழக்குப் போட்டது. ஒரு கோர்ட்டில் ஒருவருக்கு ஜெயம், மேல்கோர்ட்டில் மற்றவருக்கு ஜெயம் என்று பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. கேட்ட நஷ்ட ஈடு ஒரு கட்டத்தில் சுமார் 900 கோடி டாலர். 2021 ஏப்ரல் 5ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் கூகுள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எடுத்தது சுமார் 11,500 வரிகள். மொத்தத்தில் நூற்றுக்கு அரைப்பங்குகூட இல்லை. அந்தப் பெயர் வரிசைக்குக் காப்புரிமை உண்டா இல்லையா என்பதைக் கோர்ட் தீர்மானிக்கவில்லை. உண்டு என்றே வைத்துக்கொண்டாலும் இது நியாயமான உபயோகம் என்று மட்டும் சொன்னது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று நம் கவனத்துக்குரியது. புரோகிராம் எழுதுகிறவர்கள் ஏற்கெனவே பழகி வைத்திருக்கும் திறமையைப் புதிய இடத்தில் உபயோகிக்க எவ்வளவு தேவையோ, அவ்வளவைத்தான் எடுத்தார்கள் என்றது கோர்ட்.

தோழர்களே, கூகுள் ஜெயித்ததில் நாம் துள்ளிக் குதிக்க ஒன்றுமில்லை. இரண்டு யானைகள் மோதியதில் ஒரு யானை ஜெயித்தது. ஆனால் தொழிலாளி கைப்பழக்கமாகச் சேர்த்த திறமை மேல் முதலாளி பட்டா கேட்க முடியுமா என்ற கேள்வி, அவர்களை அறியாமலே அந்தக் கோர்ட்டில் எழுந்துவிட்டது. முடியாது என்ற பக்கம் அன்று தராசு சாய்ந்தது.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தி தொடங்கியது 2006 ஜனவரியில். விசேஷப் பொருளாதார மண்டலம், வரிச் சலுகை, நிலம், தண்ணீர், கரண்டு எல்லாம் சர்க்கார் கொடுத்தது. வரிசையில் நின்று போனைக் கோத்தவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். விடியுமுன் கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்ற அந்தப் பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குடும்பத்தில் முதல்முதலாக மாதச் சம்பளம் கண்டவர்கள் அவர்கள்.

அந்த வரிசையின் கடைசியில், முடிந்த போனுக்குள் சாப்ட்வேரை ஏற்றுவார்கள். அந்தச் சாப்ட்வேர் பின்லாந்து நாட்டிலுள்ள தாய்க் கம்பெனியிடமிருந்து வரும். அதற்காக இங்குள்ள நோக்கியா அங்குள்ள நோக்கியாவுக்குப் பணம் அனுப்பியது. கவனியுங்கள்: கொடுத்தவரும் நோக்கியா, வாங்கியவரும் நோக்கியா. வருமான வரி இலாகா இதைப் பிடித்துக்கொண்டது. நீ அனுப்பிய பணம் 'ராயல்டி', அதாவது உரிமைக் கட்டணம். அனுப்பும்போதே வரியைப் பிடித்து எங்களுக்குக் கட்டியிருக்க வேண்டும் என்றது. கம்பெனி சொன்னது: இல்லை, நாங்கள் சாப்ட்வேரைச் சரக்காக வாங்கினோம், சரக்கு விற்றவரின் லாபத்துக்கு இந்தியாவில் வரி கிடையாது, பின்லாந்தோடு சர்க்கார் செய்த ஒப்பந்தம் அப்படித்தான் சொல்கிறது.

2013 ஜனவரியில் தொழிற்சாலையில் சோதனை நடந்தது. மார்ச்சில் இரண்டாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு நோட்டீசு வந்தது. அதே வருஷம் செப்டம்பரில் நோக்கியா தன் போன் வியாபாரத்தை மைக்ரோசாப்ட் கம்பெனிக்கு 544 கோடி யூரோவுக்கு விற்கப் பேசி முடித்தது. நோக்கியாவின் மார்க்கெட் அப்போதே சரிந்துகிடந்தது. ஆண்ட்ராய்டும் ஐபோனும் அதைத் தின்றுவிட்டன. வரி வழக்கு ஒன்றினால்தான் எல்லாம் நடந்தது என்று சொன்னால் அது உண்மையாகாது. ஆனால் வரி இலாகா தொழிற்சாலைச் சொத்தை முடக்கியதால், விற்பனையில் ஸ்ரீபெரும்புதூரை மட்டும் சேர்க்க முடியாமல் போயிற்று. டில்லி ஹைக்கோர்ட் நிபந்தனையோடு அனுமதித்தது. 3,500 கோடிக்குத் தாய்க் கம்பெனி ஜாமீன் தர வேண்டும் என்ற நிபந்தனையை எதிர்த்து நோக்கியா சுப்ரீம் கோர்ட் போனது. 2014 மார்ச்சில் அந்த மனு தள்ளுபடியாயிற்று. அதே மாதம் நம் மாநில சர்க்காரும் தன் பங்குக்கு 2,400 கோடி விற்பனை வரி கேட்டு நோட்டீசு அனுப்பியது. ஏற்றுமதி என்று சொன்ன போன்களை உள்நாட்டிலேயே விற்றாய் என்பது அதன் வாதம்.

2014 ஏப்ரல் 25ந் தேதி மைக்ரோசாப்ட் மற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டு போனது. ஸ்ரீபெரும்புதூர் அநாதையாக நின்றது. கொஞ்ச நாள் மைக்ரோசாப்டுக்குக் கூலிக்குப் போன் செய்து கொடுத்தார்கள். அந்த ஆர்டரும் நின்றதும் கதவு மூடியது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் 'சுயவிருப்ப ஓய்வு' என்ற காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இருபத்தைந்து வயதில் ஓய்வு! சுயவிருப்பமாம்! நோக்கியா ஆர்டரை நம்பிப் பக்கத்திலேயே இருந்த பாக்ஸ்கான் தொழிற்சாலையும் அந்த டிசம்பரில் நின்றது.

வரி கேட்டது தப்பு என்று நாம் சொல்லவில்லை. வெளிநாட்டுக் கம்பெனி சலுகையை வாங்கிக்கொண்டு, தன் வலது கையிலிருந்து இடது கைக்குப் பணத்தை மாற்றிவிட்டு, வரி கிடையாது என்று சொன்னால், கேட்கத்தான் வேண்டும். ஆனால் கம்பெனியும் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வருஷக்கணக்கில் வழக்காடிய அந்த மேஜையில், அந்த எட்டாயிரம் பேருக்கு ஒரு நாற்காலி இருந்ததா? வேலைக்கு உத்தரவாதம் கொடு, பிறகு சொத்தை மாற்று என்று யாராவது நிபந்தனை எழுதினார்களா? ஜாமீன் கேட்டது பணத்துக்கு. ஆளுக்கு ஜாமீன் கேட்கவில்லை.

2018ல் இந்தியாவும் பின்லாந்தும் பேசி அந்த வழக்கை முடித்துக்கொண்டன. நோக்கியா கட்டியது 20 கோடியே 20 லட்சம் யூரோ. நம் காசில் சுமார் 1,600 கோடி. அதுவும் சரி. ஆனால் அந்தப் பணம் வந்தபோது ஆலை இல்லை. 2019 நவம்பரில் அந்தக் கட்டிடத்தை சால்காம்ப் என்ற இன்னொரு பின்லாந்துப் பெயர் கொண்ட கம்பெனி, சார்ஜர் செய்யும் கம்பெனி, வாங்குவதாக மத்திய மந்திரி அறிவித்தார்.

2021 மார்ச் 2ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் மூன்று நீதிபதிகள் வேறு பல கம்பெனிகளின் அப்பீல்களைச் சேர்த்து விசாரித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து சாப்ட்வேரை உபயோகிக்கவோ விற்கவோ வாங்கினால், அதோடு காப்புரிமை கைமாறுவதில்லை. ஆகவே அது ராயல்டி ஆகாது என்றார்கள். யந்திரத்தோடு சேர்த்து வந்த சாப்ட்வேரும் அந்த வழக்குகளில் ஒரு வகை. அதாவது, சரக்கு! இதற்கு வெகு முன்பே, 2004 நவம்பரில், ஆந்திர விற்பனை வரி வழக்கொன்றில் கடையில் விற்கும் சாப்ட்வேர் சரக்குதான் என்று அதே கோர்ட் சொல்லியிருந்தது.

இப்போது ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். வரி இலாகாவின் முன் நிற்கும்போது கம்பெனிகள், ஐயா, இது கத்தரிக்காய் மாதிரிச் சரக்கு, விற்றோம், வாங்கினார்கள், தீர்ந்தது என்கின்றன. அதே கம்பெனிகள் போன் வாங்கிய உங்களிடம் திரும்பி என்ன சொல்கின்றன? போனைத் திறந்ததும் ஒரு நீண்ட காகிதம் திரையில் ஓடுகிறதே, அதைப் படித்துப் பாருங்கள். இந்தச் சாப்ட்வேர் உனக்கு விற்கப்படவில்லை, உபயோகிக்க அனுமதி மட்டுமே தரப்படுகிறது. பிரித்துப் பார்க்கக் கூடாது, மாற்றக் கூடாது என்று இருக்கும். கோர்ட்டில் கத்தரிக்காய், உங்கள் கையில் மட்டும் குத்தகை!

அந்தக் காகிதத்தின் அடியில் ஒரு பொத்தான். 'ஒப்புக்கொள்கிறேன்'. கட்டைவிரலால் தொடுகிறோம். நம் பாட்டன்மார் வட்டிக்கடைக்காரன் நீட்டிய புரோநோட்டில், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தார்களே, அதே விரல்தான். மை மட்டும் போய்விட்டது. அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. நமக்கோ தெரியும், ஆனாலும் படிப்பதில்லை. படித்து, ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றால் போன் ஓடாது.

இந்த ஊருக்கே பெருமை சேர்க்கும் செப்பேடுகள் உண்டல்லவா? 1905ல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள். ராஜேந்திர சோழன் பழையனூரை இந்தக் கோயிலுக்குக் கொடுத்ததை 31 ஏடுகளில் வெட்டி வளையத்தில் கோத்து முத்திரை வைத்தான். அது ராஜா கொடுத்த தானம். அந்த நிலத்தை உழுதவனை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அது வேறு. ஆனால் ஆயிரம் வருஷம் கழித்தும் அந்த ஏட்டில் எழுத்து மாறவில்லை. செல்போன் லைசென்ஸோ நாம் தூங்கும்போதே மாறும். 'நிபந்தனைகள் புதுப்பிக்கப்பட்டுள்ளன' என்று காலையில் ஒரு வரி வரும். தொடர்ந்து உபயோகித்தால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

போன் செய்கிற கம்பெனிகளுக்கும் இதே கைநாட்டுத்தான். ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ். 1991ல் தொடங்கி உலகத்துப் புரோகிராம் எழுத்தாளர்கள் கூடி எழுதியது. பொது லைசென்ஸில் இருப்பது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதையும் பிறருக்குத் திறந்து வைக்க வேண்டும். ஆக, ஏரி பொது. ஆனால் மதகு கூகுள் கையில். பிளே ஸ்டோர் வேண்டுமானால் கூகுளின் மற்ற ஆப்புகளையும் சேர்த்தே ஏற்று, ஆண்ட்ராய்டை உன் இஷ்டப்படி மாற்றிய போனை விற்காதே, இப்படி ஒப்பந்தங்கள். இதை எதிர்த்து இந்தியாவில் ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்த சாதாரணக் குடிமக்கள் மூவர் மனுக் கொடுத்தார்கள். விசாரித்த போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20ந் தேதி கூகுளுக்கு 1,337 கோடியே 76 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் அப்பீல் டிரிப்யூனல் அபராதத்தை அப்படியே நிலைநிறுத்தியது; ஆனால் ஆணையம் இட்ட பத்துக் கட்டளைகளில் நான்கை எடுத்துவிட்டது. இதற்கிடையே 2023 ஜனவரியிலேயே, இந்தியாவில் விற்கும் போன்களுக்கு ஆப்புகளைத் தனித்தனியாக லைசென்ஸ் தருவதாகக் கூகுள் அறிவித்தது. மூன்று பேர் மனு! இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விவசாயத் தொழிலாளித் தாய்மார்கள் இதெல்லாம் ஆலைக்காரர் கதை என்று எண்ண வேண்டாம். 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் தளங்களில் செல்போன் ஆப் வழியாகத்தான் வருகை என்று கட்டாயமாக்கினார்களே! காலையில் ஒரு படம், வேலை முடிந்ததும் ஒரு படம். மண்வெட்டி பிடித்த கைக்குக் கூலி கிடைக்க வேண்டுமானால், தளப் பொறுப்பாளரின் போன் ஓட வேண்டும், சிக்னல் இருக்க வேண்டும், ஆப் ஏற வேண்டும். போன் பழசானால், அதன் ஆண்ட்ராய்டுக்குக் கம்பெனி புதுப்பிப்புத் தருவதை நிறுத்தியிருந்தால், புதிய ஆப் அதில் ஏறாது. போனின் இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பாட்டரியும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் அது செத்த போன். புதுப் போன் யார் காசில் வாங்குவது? சர்க்கார் தன் வேலைக்குத் தானே கருவி கொடுக்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா? ஆலையில் தொழிலாளி வீட்டிலிருந்தா ஸ்பானர் கொண்டு வருகிறான்?

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்: "அப்போ என் சட்டைப்பையில் இருக்கிறதே, இது யாருடையதப்பா?" பெரியவரே, கண்ணாடியும் தகரமும் உங்களுடையது, ரசீது இருக்கிறது. பாவனை யந்திரம் உங்களுடையதல்ல. ஆனால் அதற்குள்ளும் பொதுச்சொத்து ஏராளமாகக் கிடக்கிறது. போனில் 'அமைப்புகள்' திறந்து, 'போனைப் பற்றி' என்பதற்குள் போய், சட்டத் தகவல் என்ற இடத்தைத் தொடுங்கள். போனுக்குப் போன் இடம் கொஞ்சம் மாறும். எப்படியும் அந்தப் பகுதிக்குள்தான் இருக்கும். திறந்த மூல லைசென்ஸ்கள் என்று ஒரு பட்டியல் வரும். இழுக்க இழுக்க முடியாது, அவ்வளவு நீளம். எங்கெங்கோ உள்ள மனிதர்கள் எழுதி எல்லாருக்கும் என்று விட்டுவைத்தவை அவை. அடுத்த வாரக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு போன் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து அதைப் படிப்போம்.